டாக்டர் எதை வைத்துச் சொல்கிறார்? மனநோய் அளவுகோல்கள் பற்றி வடசென்னையில் கேட்ட கேள்விகள்

தண்டையார்பேட்டையில் ஒரு படிப்பகத்தின் மொட்டை மாடியில் மாதம் ஒரு ஞாயிறு சாயங்காலம் உட்கார்ந்து பேசுகிறோம். காசிமேடு, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி என்று சுற்றுவட்டாரத்திலிருந்து வருகிறார்கள். முக்கால்வாசிப் பேர் கையில் ஆஸ்பத்திரிச் சீட்டு இருக்கும். "இதுல இன்னா எழுதிக்கீதுன்னு கொஞ்சம் சொல்லுக்கா" என்றுதான் பேச்சே ஆரம்பிக்கும். நான் மருத்துவர் இல்லை. மனநலப் பிரிவில் சமூகப் பணியாளராகப் பல வருடம் வேலை பார்த்தவள். திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். இதைப் படித்து யாருக்கும் நோய்ப் பெயர் வைக்க வேண்டாம். டாக்டர் சொல்வதைப் புரிந்துகொள்ளவும், அவரிடம் எதைச் சொல்ல வேண்டும் என்று தெரிந்துகொள்ளவும் உதவினால் சரி.

எக்ஸ்ரே இல்லை, ஸ்கேன் இல்லை. பேசிப் பார்த்தே எப்படி ஒரு நோயின் பெயரைச் சொல்கிறார்கள்?

அவர் சும்மா பேசுவது போலத்தான் தெரியும். உள்ளே ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். அந்தக் கணக்கு இரண்டு புத்தகங்களில் எழுதப்பட்டிருக்கிறது. ஒன்று உலக சுகாதார நிறுவனம் வெளியிடும் ஐசிடி. காய்ச்சல் முதல் கேன்சர் வரை எல்லா நோய்க்குமான பட்டியல் அது. அதில் ஓர் அத்தியாயம் மனநோய்க்கு. அதன் 11ஆம் பதிப்பு 2019இல் ஏற்கப்பட்டு 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. இன்னொன்று அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கத்தின் டிஎஸ்எம். 1952இல் முதலில் வந்தது, ஐந்தாம் பதிப்பு 2013இல், அதன் திருத்தம் 2022இல். நம் நாட்டின் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம், உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலையே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அதாவது ஒருவருக்கு மனநோய் இருக்கிறது என்று இஷ்டத்துக்குச் சொல்லிவிட முடியாது.

ஒவ்வொரு நோய்க்கும் இந்தப் புத்தகங்கள் கேட்பது ஐந்து விஷயம்: என்னென்ன தொந்தரவு, அதில் எத்தனை, எவ்வளவு நாளாக, அன்றாட வாழ்க்கைக்கு எவ்வளவு இடைஞ்சல், வேறு காரணம் ஏதாவது இருக்கிறதா. மக்களுக்குப் புரியும்படி எழுதுகிறோம் என்று கிளம்புகிறவர்கள் முதல் விஷயத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற நான்கையும் விட்டுவிடுகிறார்கள். "சோர்வா? தூக்கமில்லையா? எரிச்சலா? உங்களுக்கு மனச்சோர்வு இருக்கலாம்!" என்று ஒரு நோட்டீஸ். மே மாதம் ராத்திரி கரண்ட் போன கொருக்குப்பேட்டையில் இந்த மூன்றும் இல்லாதவர் யார்?

அப்புறம் ஏன் ரத்தம் எடுக்கச் சொன்னார்கள்?

அந்த ஐந்தாவது விஷயத்துக்காக. தைராய்டு குறைந்தால் ஆள் மந்தமாகிவிடுவார், அழுகை வரும். ரத்தசோகை இருந்தால் மாடிப்படி ஏற முடியாது. பி12 வைட்டமின் குறைந்தாலும் மறதி, சோர்வு. மாத்திரைகள் சிலவும் இதைச் செய்யும். இவற்றைத் தள்ளிவிட்டுத்தான் மனநோய் என்ற முடிவுக்கு வர வேண்டும். ரத்தப் பரிசோதனை எழுதினால் டாக்டர் குழம்பிவிட்டார் என்று நினைக்காதீர்கள்.

டிப்ரஷனுக்கு என்ன கணக்கு? புரிகிற தமிழில் சொல்லுங்கள்.

டிஎஸ்எம் ஒன்பது விஷயம் கேட்கிறது. எங்கள் மாடியில் பேசிப் பேசி நாங்கள் செதுக்கிய வடிவில் தருகிறேன்.

மனசு பாரமாகவே இருக்கிறதா, விடிந்ததிலிருந்து படுக்கிற வரை? முன்னால் ஆசையாகச் செய்ததை இப்போது செய்யவே தோன்றவில்லையா? சாப்பாடு இறங்கவில்லையா, அல்லது ஓயாமல் தின்கிறீர்களா, எடை ஏறி இறங்கியிருக்கிறதா? தூக்கம் கெட்டதா, அல்லது எழுந்திருக்கவே முடியவில்லையா? "ஏன் இப்படி ஆமை மாதிரி ஆயிட்ட" என்றோ, "ஏன் ஒரு இடத்துல உக்கார மாட்டேங்குற" என்றோ மற்றவர்கள் கேட்கிறார்களா? ஒன்றும் செய்யாமலே உடம்பு அடித்துப் போட்ட மாதிரி இருக்கிறதா? "எதுக்கும் லாயக்கில்ல, எல்லாம் என்னாலதான்" என்று ஓடுகிறதா? ஒரு விஷயத்தில் மனம் நிற்கவில்லையா, சின்ன முடிவுகூட எடுக்க முடியவில்லையா? செத்துப் போனால் தேவலை என்று நினைப்பு வருகிறதா?

இந்த ஒன்பதில் குறைந்தது ஐந்து இருக்க வேண்டும். முதல் இரண்டில் ஒன்று அந்த ஐந்துக்குள் கட்டாயம். அநேகமாகத் தினமும், தொடர்ந்து இரண்டு வாரமாவது இருந்திருக்க வேண்டும். வேலை, வீடு, உறவு இவற்றில் ஏதாவது கெட்டிருக்க வேண்டும், அல்லது தாங்க முடியாத வேதனையாக இருக்க வேண்டும். குடியாலோ வேறு நோயாலோ வந்ததாக இருக்கக் கூடாது. தலைகீழான, அளவுமீறிய உற்சாகக் கட்டம் முன்பு வந்திருக்கக் கூடாது. வந்திருந்தால் அது வேறு நோய், அதைக் கீழே சொல்கிறேன். ஐசிடி 11 இதோடு "இனி எதுவும் சரியாகாது என்ற நினைப்பு" என்று ஒன்றைச் சேர்த்து, பத்தில் ஐந்து என்கிறது.

இந்தக் கேள்விகளை நாங்கள் அச்சிட்ட முதல் தாளில் "அநேகமாகத் தினமும், இரண்டு வாரமாக" என்பதை "அடிக்கடி, சில நாட்களாக" என்று போட்டுவிட்டோம். வாசிக்க எளிதாக இருக்கட்டுமே என்றுதான். அடுத்த மாதம் மாடி கொள்ளவில்லை. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள், மாமியாரோடு சண்டை போட்டு வந்தவர்கள், எல்லாரும் ஐந்து டிக் அடித்திருந்தார்கள். கடினமான வார்த்தையை மாற்றலாம். கணக்கை மாற்றக் கூடாது என்று அன்றுதான் உறைத்தது.

கேள்வித்தாளைத் தமிழில்தானே போட்டிருக்கிறார்கள், அப்படியும் ஏன் புரிவதில்லை?

பெயர்ப்பலகைத் தமிழில் போட்டிருப்பதால். ஒரு முறை, காசிமேட்டில் மீன் விற்கும் ஓர் அம்மாவிடம் அச்சிட்ட தாளை அப்படியே படித்தேன். "இன்பம் அனுபவிக்க இயலாமை உள்ளதா?" அவர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். பக்கத்தில் இருந்தவரும் சிரித்தார். "இந்த வயசுல இன்னா கேள்விமா இது" என்றார். நானும் சிரித்துவிட்டு, "முன்னாடி ஆசையாச் செஞ்சுட்டு இப்ப விட்டுட்டது ஏதாவது இருக்கா?" என்று கேட்டேன். சிரிப்பு நின்றது. கொஞ்ச நேரம் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "பூ வாங்கி வச்சிக்கல. ரெண்டு மாசம் இருக்கும். வாசல்லயே வருது, வாங்கத் தோணல." கேள்வித்தாளில் அந்த இடத்தில் 'இல்லை' என்று டிக் அடித்திருந்தார்.

வியாசர்பாடிப் பக்கம் ஒருவர். கேரம் ஆடுகிறவர், கிளப்பில் பெயர் எடுத்தவர். "மனச்சோர்வெல்லாம் ஒண்ணுமில்ல" என்றார். கடைசியாக எப்போது போர்டு பக்கம் போனீர்கள் என்று கேட்டதற்கு, "பவுடர் வாசனையே புடிக்கல" என்றார். எங்கள் பகுதியில் கேரம் ஆடுகிறவருக்கு அது பெரிய வாக்குமூலம்.

உணர்ச்சிக்கு இங்கே புழங்கும் சொற்கள் வேறு. "பேஜாரா கீது" என்பது ஒருவர் வாயில் அலுப்பு, இன்னொருவர் வாயில் உயிரை விடும் அளவு வேதனை. "நெஞ்சு அடைக்குது", "தலை பாரம்", "உடம்பெல்லாம் எரியுது" என்று உடம்பு வழியாகச் சொல்வார்கள். அப்புறம் இந்த "நரம்புத் தளர்ச்சி". மனநோய் என்று சொல்லக் கூச்சப்பட்டுச் சொல்வது பாதி. சுவர் விளம்பரங்கள் ஆண்மைக்குறைவைத் தலையில் கட்டிச் சொல்வது மீதி. இரண்டு புத்தகங்களின் இப்போதைய பதிப்புகளிலும் அப்படி ஒரு நோய் இல்லை. யாராவது அந்த வார்த்தையைச் சொன்னால், "என்ன செய்யுது?" என்று கேளுங்கள்.

அப்பா தவறி மூன்று வாரம் ஆகிறது. அம்மா அழுதுகொண்டே இருக்கிறார், சாப்பிடுவதில்லை. கணக்குப்படி இரண்டு வாரம் தாண்டிவிட்டதே?

இந்தக் கேள்விக்கு அறிஞர்களே சண்டை போட்டிருக்கிறார்கள். டிஎஸ்எம்மின் நான்காம் பதிப்பில், சாவு நடந்து இரண்டு மாதம் வரை பெரும்பாலும் டிப்ரஷன் என்று எழுதக் கூடாது என்று ஒரு விலக்கு இருந்தது. 2013இல் அதை எடுத்துவிட்டார்கள். துக்கத்தில் இருப்பவருக்கும் தனியாக டிப்ரஷன் வரலாம், துக்கம் என்று சொல்லி அவரைக் கவனிக்காமல் விடக் கூடாது என்பது எடுத்தவர்களின் வாதம். அழுகிற விதவைக்கெல்லாம் மாத்திரை கொடுப்பீர்களா என்பது எதிர்த்தவர்களின் கேள்வி. ஐசிடி 11 நடுவில் நிற்கிறது: துக்கத்தின்போது டிப்ரஷன் என்று எழுத, அறிகுறிகள் ஒரு மாதமோ அதற்கு மேலோ நீடிக்க வேண்டும், சாதாரணத் துக்கத்தில் வராத கடுமையும் தெரிய வேண்டும் என்கிறது.

நம் சாவு வீட்டுக்கு ஒரு நாள்கணக்கு ஏற்கெனவே உண்டு. எடுத்த அன்று மேளம், ராத்திரி கானா, பால் தெளிப்பு, பதினாறாம் நாள் காரியம், வருஷ திதி. அழுகையைக் கொட்டவும், அப்புறம் எழுந்து நடக்கவும் ஊரே ஒரு வழி போட்டு வைத்திருக்கிறது. அம்மா அந்த வழியில் மெதுவாகவாவது நகர்கிறாரா என்று பாருங்கள். துக்கம் அலை அலையாக வரும். நடுவில் பேரப்பிள்ளையைப் பார்த்துச் சிரிப்பார், அப்பாவின் பழைய கதையைச் சொல்லும்போது முகம் மலரும். டிப்ரஷன் விடாது. துக்கத்தில் இருப்பவர் "அவர் இல்லாம எப்படி" என்பார். டிப்ரஷனில் இருப்பவர் "நானே ஒரு பாரம்" என்பார். இரண்டாவது பேச்சு கேட்டால் மூன்று வாரம், முப்பது நாள் என்று எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், உடனே கூட்டிப் போங்கள்.

மாதக்கணக்கில் துக்கம் ஒரே இடத்தில் நின்றுவிட்டால் அதற்குத் தனிப் பெயரே இருக்கிறது, நீடித்த துக்கம். ஐசிடி குறைந்தது ஆறு மாதம் என்கிறது, 2022 டிஎஸ்எம் பெரியவர்களுக்கு ஒரு வருடம் என்கிறது. அதோடு, அந்தச் சமூகத்தின் வழக்கத்தைத் தாண்டியதாக இருக்க வேண்டும் என்றும் இரண்டு புத்தகங்களும் சொல்கின்றன. அதாவது நம் காரியமும் திதியும் அவர்கள் கணக்குக்குள் வருகின்றன.

நெஞ்சு படபடவென்று அடித்து மூன்று முறை ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஈசிஜி நார்மல் என்று அனுப்பிவிட்டார்கள். நடிக்கிறாளா?

இல்லை. ஈசிஜி நார்மல் என்றால் இதயத்தில் கோளாறு தெரியவில்லை என்று அர்த்தம். அவளுக்கு ஒன்றுமே இல்லை என்று அர்த்தமில்லை. திடீரென்று பயம் கிளம்பிச் சில நிமிடத்தில் உச்சத்துக்குப் போகும். படபடப்பு, வியர்வை, நடுக்கம், மூச்சடைப்பு, நெஞ்சுவலி, தலைசுற்றல், கைகால் மரத்துப்போவது, "செத்துடுவேன்" என்ற பயம். இப்படிப் பதின்மூன்று அறிகுறி எழுதியிருக்கிறார்கள், குறைந்தது நான்கு ஒரே நேரத்தில் வந்தால் அது பீதித் தாக்குதல்.

ஒரு தாக்குதல் வந்தால் நோய் ஆகிவிடாது. எதிர்பாராமல் திரும்பத் திரும்ப வந்து, "மறுபடி வந்துடுமோ" என்ற பயத்திலேயே ஒரு மாதமாவது ஓடினால், அல்லது அந்தப் பயத்தால் நடவடிக்கையை மாற்றிக்கொண்டால்தான் பீதி நோய் என்பார்கள். ஓட்டேரியிலிருந்து பீச் ஸ்டேஷன் வரை பஸ்ஸில் போனவர் இப்போது தெருமுனைக் கடைக்கே ஆள் துணை கேட்கிறாரா? அதைத்தான் டாக்டரிடம் சொல்ல வேண்டும். ஆனால் முதல் முறை நெஞ்சுவலி வரும்போது, எந்த வயதானாலும், இதய மருத்துவத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பீதி என்று வீட்டிலேயே முடிவு கட்டக் கூடாது.

என் வீட்டுக்காரர் தினமும் ஒரு குவார்ட்டர்தான் என்கிறார். எவ்வளவு குடித்தால் நோய்?

டிஎஸ்எம் அளவுகோலில் எத்தனை குவார்ட்டர் என்ற கேள்வியே கிடையாது! இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. இருப்பது பதினொரு கேள்விகள். ஒன்று என்று ஆரம்பித்து மூன்றில் முடிகிறதா. நிறுத்த முயன்று தோற்றாரா. அதைத் தேடுவதிலும் தெளிவதிலும் நாள் போகிறதா. குடிக்கணும் என்று துடிக்கிறதா. வேலைக்குப் போகாமல் கெடுகிறதா. வீட்டில் சண்டை வந்தும் தொடர்கிறதா. பிடித்த வேலை, விளையாட்டு எல்லாம் போய்விட்டதா. போதையில் வண்டி ஓட்டுகிறாரா. ஈரல் கெட்டது என்று தெரிந்தும் தொடர்கிறதா. முன்பு போதுமான அளவு இப்போது போதவில்லையா. காலையில் கை நடுங்குகிறதா. ஒரு வருடத்துக்குள் இவற்றில் இரண்டு இருந்தாலே லேசான நிலை, நான்கு ஐந்து நடுத்தரம், ஆறோ அதற்கு மேலோ கடுமை.

ஒன்று மட்டும் சத்தமாகச் சொல்கிறேன். தினமும் அதிகமாகக் குடிப்பவரை "இன்னையோட விடு" என்று அறையில் பூட்டாதீர்கள். வலிப்பு வரலாம், இரண்டு மூன்று நாளில் குழப்பமும் நடுக்கமும் காய்ச்சலுமாக உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும்.

ஆடி மாதம் அக்காவுக்கு அம்மன் வரும். இது நோயா?

கூழ் ஊற்றும் அன்று உடுக்கைச் சத்தத்தில் வந்து, வேப்பிலை அடித்ததும் மலையேறி, மறுநாள் அக்கா இட்லிக் கடையைத் திறந்துவிட்டால், நோயில்லை. ஐசிடி 11இல் இதற்கென்று ஒரு கோளாறு இருக்கிறது. ஆனால் தன் விருப்பமில்லாமல் வருவது, ஊர் ஏற்றுக்கொண்ட வழிபாட்டுக்கு வெளியே வருவது, ஆளுக்கு வேதனையோ வாழ்க்கைக்கு முடக்கமோ தருவது, இத்தனையும் இருந்தால்தான் அந்தப் பெயர். செவ்வாய்க்கிழமை மத்தியானம் வேலை செய்யும் இடத்தில் வந்து, அக்காவே "வேணாம், பயமா கீது" என்று அழுதால் கூட்டிப் போகலாம். சட்டமும் இதையே சொல்கிறது: ஒருவர் சமூக ஒழுக்கத்துக்கோ மதத்துக்கோ ஒத்துப்போகவில்லை என்பதை வைத்து மனநோய் என்று எழுதக் கூடாது.

குரல் கேட்கிறது என்றால் மனச்சிதைவுதானே?

அவசரப்படாதீர்கள். இறந்த கணவர் கூப்பிட்ட மாதிரி கேட்டது என்று நிறைய பேர் சொல்வார்கள், அது துக்கத்தில் சகஜம். குடியை நிறுத்தும்போது குரல் கேட்கும். கடுமையான டிப்ரஷனிலும் கேட்கும். மனச்சிதைவு என்று எழுத, இல்லாத குரல் கேட்பது, யாரோ கெடுதல் செய்கிறார்கள் என்ற அசையாத நம்பிக்கை, பேச்சு கோர்வையில்லாமல் போவது போன்றவற்றில் குறைந்தது இரண்டு, ஒரு மாதமாவது இருக்க வேண்டும். ஐசிடிக்கு அந்த ஒரு மாதம் போதும். டிஎஸ்எம், எல்லாம் சேர்ந்து ஆறு மாதம் பாதிப்பு தொடர வேண்டும் என்கிறது. பெயர் எழுதத்தான் இந்தக் காத்திருப்பு. சிகிச்சையை முதல் வாரத்திலேயே ஆரம்பிக்கலாம், ஆரம்பிக்கவும் வேண்டும்.

எனக்கு அந்தப் பெயரே பிடிக்காது. "சிதைவு" என்று கேட்டதும் ஒரு தகப்பனார், "அப்ப இனிமே சேராதா?" என்றார். ஜப்பானிலும் இந்த நோய்க்கு 'மனம் பிளந்த நோய்' என்ற பொருளில்தான் பெயர் இருந்தது. நோயாளிகளின் குடும்பங்கள் கேட்டுக்கொண்டதால் 2002இல் 'ஒருங்கிணைவுக் குறைபாடு' என்ற பொருளில் மாற்றினார்கள். அதன்பின் டாக்டர்கள் நோயாளியிடம் பெயரைச் சொல்லவே தயங்கியது குறைந்தது. தமிழிலும் யாராவது செய்யலாம்.

ஒரு டாக்டர் டிப்ரஷன் என்றார், இன்னொருவர் பைபோலார் என்கிறார். யாரை நம்புவது?

இருவரும் சரியாக இருக்கலாம். பைபோலார் என்பது டிப்ரஷனும் அளவுமீறிய உற்சாகமும் மாறி மாறி வரும் நோய். பலருக்கு அது டிப்ரஷனாகத்தான் முதலில் தலைகாட்டும். அப்புறம் ஒரு நாள் மறுபக்கம் வரும்: ஒரு வாரம், தூங்காமலே தெம்பு, பேச்சு நிற்காது, கந்துவட்டிக்கு வாங்கி மூன்று ஆட்டோ புக் பண்ணுவது. அப்படி ஒரு வாரமாவது இருந்தால், அல்லது ஆஸ்பத்திரியில் சேர்க்கும் அளவு போனால், பெயர் மாறும். பழைய கதையில் அந்த மாதிரி ஒரு வாரம் இருந்ததா என்று வீட்டார்தான் சொல்ல முடியும். நோயாளியிடம் கேட்டால், "அப்பத்தான் நல்லா இருந்தேன்" என்பார். மாத்திரையும் மாறும் என்பதால் இதை மறைக்காமல் சொல்லுங்கள்.

மொபைலில் ஒன்பது கேள்விக்குப் பதில் சொன்னேன், 14 வந்தது.

அது பிஎச்கியூ 9 ஆக இருக்கும். அந்த டிஎஸ்எம் ஒன்பதையே கேள்வியாக்கி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மார்க். மொத்தம் 27. 10ஓ அதற்கு மேலோ வந்தால் டாக்டரைப் பாருங்கள் என்று அர்த்தம். வீட்டில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்த மாதிரி. காய்ச்சல் தெரியும், டைபாய்டா மலேரியாவா என்று தெரியாது.

பையன் ஒரு இடத்தில் உட்கார மாட்டேன் என்கிறான். ஏடிஎச்டியா?

ஏடிஎச்டி என்பது கவனம் நிற்காமலும் துறுதுறுவென்றும் இருக்கும் கோளாறு. ஸ்கூலில் மட்டுமா, வீட்டிலும் டியூஷனிலுமா? குறைந்தது இரண்டு இடத்தில், ஆறு மாதமாக, 12 வயதுக்கு முன்பே ஆரம்பித்திருக்க வேண்டும். ஒரு டீச்சர் வகுப்பில் மட்டும் என்றால், முதலில் அந்த வகுப்பைப் பார்க்க வேண்டும்.

சீட்டில் எஃப் 32 என்று எழுதியிருக்கிறதே?

அது ஐசிடியின் பழைய, பத்தாம் பதிப்பின் எண். எஃப் 32 டிப்ரஷன், எஃப் 20 மனச்சிதைவு, எஃப் 10 குடி. புதிய பதிப்பில் 6ஏ70, 6ஏ20 என்ற மாதிரி வரும்.

புத்தகத்தில் எழுதிவிட்டால் வேதவாக்கா?

இல்லவே இல்லை. ஓரினச் சேர்க்கையை நோய் என்று வைத்திருந்த புத்தகம்தானே இது. 1973இல் அமெரிக்கச் சங்கம் அதை நீக்க முடிவெடுத்தது. உலக சுகாதார நிறுவனம் 1990இல்தான் நீக்கியது. மனிதர்கள் கூடிப் பேசி எழுதுகிற கணக்கு, தப்பு தெரிந்தால் திருத்துகிறார்கள்.

பெயர் எழுதிவிட்டால் பைத்தியம் என்று முத்திரை விழுந்து, சொத்து, வேலை எல்லாம் போகுமா?

2017 சட்டம் இதற்குத் தெளிவாகப் பதில் சொல்கிறது. நோய் இருக்கிறது என்று கண்டறிந்ததாலேயே ஒருவர் சித்தசுவாதீனம் இல்லாதவர் ஆகிவிட மாட்டார். அதை நீதிமன்றம்தான் சொல்ல முடியும். முன்பு எப்போதோ சிகிச்சை எடுத்தார் என்பதை மட்டும் வைத்து இப்போது நோய் என்று சொல்லவும் கூடாது. விவரத்தை ரகசியமாக வைக்க வேண்டும். மருத்துவக் காப்பீட்டிலும் உடல் நோய்க்கு உள்ள அதே அடிப்படையில் மனநோய்க்கும் தர வேண்டும்.

மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் வேறு கதை. நோயின் பெயர் மட்டும் போதாது. தன்னைத் தானே பார்த்துக்கொள்வது, மனிதர்களோடு பழகுவது, பேசிப் புரிந்துகொள்வது, வேலை என்ற நான்கிலும் எவ்வளவு பாதிப்பு என்று மதிப்பிட்டுச் சதவீதம் போடுவார்கள். 40 சதவீதம் வேண்டும். அன்று மட்டும் ஆளைக் குளிப்பாட்டி இஸ்திரிச் சட்டை போட்டு "எல்லாம் செய்வான் சார்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு, சான்றிதழ் கிடைக்கவில்லை என்று மாடிக்கு வருகிறார்கள். பிள்ளையை விட்டுக்கொடுக்க மனசு வராது, புரிகிறது. இருந்தாலும் உள்ளதைச் சொல்லுங்கள்.

கீழ்ப்பாக்கம்தான் போகணுமா?

இந்தப் பெயரை வசவாக்கி வைத்திருக்கிறோம். அங்கிருப்பது அரசு மனநலக் காப்பகம். 1794இல் தொடங்கிய மருத்துவமனையின் தொடர்ச்சி. அதை நீண்ட காலம் நடத்திய டாக்டர் சாரதா மேனன்தான், சிகிச்சை முடிந்தவர்களுக்கு வெளியே வாழ்க்கை வேண்டும் என்று 1984இல் ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கினார். ஆனால் எல்லாரும் அங்கே போக வேண்டியதில்லை. பழைய வண்ணாரப்பேட்டை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு உண்டு. போனில் பேச வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி மையமான டெலி மானஸ் எண் 14416, தமிழிலேயே பேசலாம், காசில்லை.

தற்கொலை எண்ணம் இருந்தால் எத்தனை நாள் பார்க்க வேண்டும்?

ஒரு நாள்கூட வேண்டாம். இங்கே கணக்கு எதுவும் செல்லாது. அன்றே கூட்டிப் போங்கள், தனியாக விடாதீர்கள், வீட்டில் மருந்து, மண்ணெண்ணெய், எலி பேஸ்ட் இருந்தால் அப்புறப்படுத்துங்கள். நேரடியாகக் கேட்டால் எண்ணத்தைத் தூண்டிவிடுவோமோ என்று பயப்படுகிறார்கள். கேட்பதால் அப்படி ஆவதில்லை, பெரும்பாலும் பாரம் இறங்குகிறது. போலீஸ் கேஸ் ஆகும் என்று மறைக்கவும் வேண்டாம். முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தார் என்றே 2017 சட்டத்தின் 115ஆம் பிரிவு எடுத்துக்கொள்கிறது. அவரைத் தண்டிக்கக் கூடாது என்றும் சொல்கிறது.

டாக்டருக்கு நம்மிடம் பேச ஐந்து நிமிடம்தான். என்ன கொண்டு போக வேண்டும்?

நாட்களை. ஓபி வரிசையில் நின்று உள்ளே போனதும் "எவ்வளவு நாளா?" என்பார். "ரொம்ப நாளா சார்" என்போம். அதை வைத்து அவர் எந்தக் கணக்கும் போட முடியாது. தீபாவளிக்கு முன்பா பின்பா, பள்ளி திறந்தபோது ஆரம்பித்ததா என்று யோசித்து வையுங்கள். எத்தனை மணிக்குத் தூக்கம், எத்தனை நாள் வேலைக்குப் போகவில்லை, என்ன மாத்திரை ஓடுகிறது.

பூ வாங்குவதை விட்ட அந்த அம்மாவுக்கு எழுத வராது. தினசரிக் காலண்டர் தாளைக் கிழிக்கும்போது, தூங்காத ராத்திரிக்கு அந்தத் தாளின் பின்னால் மகளை ஒரு கோடு போடச் சொன்னார். மார்க்கெட்டுக்குப் போகாத நாளுக்கு ஒரு சுழி. பதினெட்டுத் தாளை ரப்பர் பேண்ட் போட்டு, மீன் காசு வைக்கும் சுருக்குப் பையிலேயே வைத்துக் கொண்டுபோனார். டாக்டர் மேஜையில் ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டு எண்ணினாராம். ஒரு தாளை மட்டும் பிரித்து வைத்து, "இதுல ஏன் ஒண்ணுமே போடல?" என்று கேட்டிருக்கிறார். அன்றைக்குப் பேத்திக்குக் காது குத்து.